தொண்டை இறுக்குதா? கூடைக் கயிற்றின் மேல் பழி போடாதீங்க



கழுத்து வீங்கி, எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்கள் "கூடைக் கயிறு இழுத்ததுங்க ஐயா" என்றே எங்களிடம் சொல்கிறார்கள். தொண்டைக்கு முன்னால் உள்ள தைரொயிட் சுரப்பியை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கினாலும் இப்படி வரும். உப்பில் அயடின் சேர்ப்பது 1995இல் கட்டாயமானது. இந்த நோய் உப்பைக் கூட்டினால் தீராது.

குரல் கம்மல், அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் சேர்ந்து வந்தால் சோம்பேறி என்று ஏசாதீர்கள். டிஸ்பென்சரியில் காட்டி, இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

தைரொக்சின் மாத்திரை தந்தால் விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்க. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து. இரும்புச்சத்து மாத்திரை 4 மணித்தியாலம் கழித்து. சுகமானாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.