காட்டுக்கொடியைக் கட்டி வளர்க்கும் ஊர்கள்

கரூரிலிருந்து நாமக்கல் போகிற பேருந்து தவுட்டுப்பாளையத்தில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் பரமத்தி வேலூர். அங்கிருந்து ஆற்றை எதிர்த்துப் போனால் பொத்தனூர், பாண்டமங்கலம், வெங்கரை என்று அடுத்தடுத்துச் சின்ன ஊர்கள். வாழை, கரும்பு, தென்னை எல்லாம் உண்டு. ஆனால் தாவரவியல் படித்த ஒருவரை அங்கே நின்று பார்க்க வைப்பது வெற்றிலைக் கொடிக்கால்தான். நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். இந்த மண்ணில், ஈரம் வற்றாத காட்டில் பெரிய மரங்களின் நிழலில் தொற்றி ஏறப் பிறந்த ஒரு கொடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவருகிறார்கள்.

வெற்றிலை, மிளகு, திப்பிலி மூன்றும் பங்காளிகள்; ‘பைப்பர்’ என்ற ஒரே பேரினம். இவற்றுள் வெற்றிலையின் பூர்வீகம் மலேசியாவும் இந்தோனேசியத் தீவுகளும் அடங்கிய தென்கிழக்காசியா என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில், துயோங் குகையில் கிடைத்த சுமார் 4,600 ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டின் பற்களில் தாம்பூலக் கறை படிந்திருந்தது. ஜாவாவின் கல்யாணங்களில் மணமக்கள் சுருட்டிய வெற்றிலையை ஒருவர் மேல் ஒருவர் எறியும் சடங்கு இன்றும் நடக்கிறது. நம்மூரில் நிச்சயதார்த்தத் தட்டில் வைத்து மாற்றிக்கொள்கிறோம். நமக்கு எறிகிற வழக்கம் இல்லாதது நல்லதுதான், விற்கிற விலைக்கு.

போர்னியோவின் உள்நாட்டுக் காடுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தத் தட்பவெப்பத்தை வேலூரில் எப்படி உண்டாக்குவது? முதல் பாதி வேலையைச் செய்வது ராஜவாய்க்கால். ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே உள்ள அணையிலிருந்து பிரிந்து வருகிறது. குறுநிலத் தலைவர் அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. 1934-ல் முடிந்த மேட்டூர் அணை இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் சின்னப் பிள்ளை.

மறுபாதி வேலை அகத்தியுடையது. கொடிக்கால் போடுகிறவர் முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, அகத்தியை. பாத்தி எடுத்து, அகத்தி விதை ஊன்றி, அது ஆள் மதிக்கிற அளவுக்கு எழும்பிய பிறகுதான் அதன் காலடியில் விதைக்கொடியை நடுகிறார்கள். அகத்தியின் இலை பொடிப்பொடியான சிற்றிலைகளால் ஆனது. வெயிலை முழுசாக மறைக்காது, சலித்து விடும். வெற்றிலைக்கு வேண்டியதும் அந்தச் சலித்த வெளிச்சம்தான். நிழலுக்குப் பழகிய அதன் இலை குறைந்த ஒளியிலேயே முழு வேகத்தில் உணவு தயாரித்துவிடும். நேர்வெயில் பட்டால் பச்சையம் கெட்டு இலை வெளிறும். அகத்தி அவரைக் குடும்பத்து மரம் என்பதால், வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக மாற்றி வைக்கின்றன. கழித்துப் போடும் தழை ஆட்டுக்கு ஆகிறது, துவாதசிக்கு நம் இலைக்கும் வருகிறது. காங்கிரீட் கம்பம் நட்டு நிழல்வலை கட்டினால் இத்தனையும் கிடைக்குமா?

பாத்திகளுக்கு இடையே சிறு வாய்க்கால்களில் தண்ணீர் நிற்கிறது. அது ஆவியாகிறது, அகத்தியும் வெற்றிலையும் இலைத்துளைகள் வழியே நீராவியை வெளியேற்றுகின்றன, நீர் ஆவியாகும்போது சுற்றிலுமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஓரத்தில் நிற்கும் வாழையும் வேலியும் வறண்ட காற்றைத் தடுத்து அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கின்றன. மத்தியான வெயிலில் வரப்பிலிருந்து கொடிக்காலுக்குள் கால் வைக்கும்போது தோலிலேயே தெரியும் அந்த வித்தியாசம்.

கொடி தானாகவும் தொற்றும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் கொடி ஏற ஏற அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு நெரியும், தளர்ந்தால் காற்றில் ஆடி வேரின் பிடி விட்டுப்போகும். எட்டாத உயரத்துக்குப் போன கொடியை இறக்கி, இலையில்லாத அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் பதிப்பார்கள். புதைந்த கணுக்கள் புது வேர் விட, கிழட்டுக் கொடி மறுபடி இளமையாகும். பறிக்கிறவர்கள் கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டி, காம்போடு இலையைக் கிள்ளுகிறார்கள். எந்த இலை இன்றைக்கு, எது அடுத்த கிள்ளலுக்கு என்று கண் முடிவு செய்வதற்குள் விரல் முடித்துவிடும். இந்த வேலைக்கு இன்றுவரை யந்திரம் வரவில்லை.

இலையை நசுக்கினால் வரும் காரமும் மணமும் அதன் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருபவை. யூஜினால், சாவிபெட்டால், சாவிகால் போன்ற சேர்மங்கள். யூஜினால்தான் கிராம்புக்கும் மணம் தருகிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் செடி தயாரித்து வைத்த சரக்கு நமக்குச் சுவையாகிவிட்டது. ரகத்துக்கு ரகம் இவற்றின் விகிதம் மாறும். கற்பூரி ரகத்தின் மென்மைதான் வேண்டும் என்பவர்களும் காரம் இருந்தால்தான் வெற்றிலை என்பவர்களும் உண்மையில் வேதியியல் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது பாக்கு. வாய் சிவப்பதும் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஆக்சிஜனோடு சேர்வதால்தான். வெற்றிலையை மட்டும் மென்றால் வாய் சிவக்காது. சளிக்கு வெற்றிலைச் சாறு கொடுக்கிற பாட்டியையும் நாளெல்லாம் பாக்கு அடக்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

வேலூர் ஏலத்தில் வெற்றிலை சுமைக் கணக்கில் போகிறது. 104 கவுளி ஒரு சுமை. கவுளிக்கு 100 இலை என்றால் 10,400 இலை. இளம்பயிர், முதிகால், வெள்ளைக்கொடி, கற்பூரி என்று தனித்தனி விலை. முகூர்த்த மாதத்தில் ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் விழும். கிள்ளிய பிறகும் இலை சுவாசித்துக்கொண்டே இருப்பதால் வாரக்கணக்கில் இருப்பு வைத்து விலைக்குக் காத்திருக்க முடியாது.

விலை விழுந்தால் அடுத்த முகூர்த்தத்தில் எழும். நோய் விழுந்தால் தோட்டமே எழாது. வெற்றிலையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கொடிக்காலில் பூத்து விதைத்துப் பெருக யாரும் விடுவதில்லை. எல்லாமே வெட்டி நட்ட துண்டுகள். அதாவது ஒரு கற்பூரித் தோட்டத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கான கொடிகள் மரபணுவில் ஏறக்குறைய ஒரே செடி. ருசி மாறாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு கொடியைக் கொல்லத் தெரிந்த கிருமிக்கு எல்லாக் கொடியையும் கொல்லத் தெரியும் என்பதற்கும் அதுவே காரணம்.

அந்தக் கிருமியின் பெயர் ஃபைட்டாஃப்தோரா. பூஞ்சை போலத் தோன்றும், ஆனால் உறவு பழுப்புக் கடற்பாசிகளோடு. இதன் இன்னொரு இனம்தான் 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. ஃபைட்டாஃப்தோராவின் வித்துகளுக்கு இரண்டு நீளிழைகள் உண்டு. ஈரமண்ணில் நீந்தி, வேர் கசியும் பொருட்களை மோப்பம் பிடித்து வந்து சேரும். நேற்றுவரை பசுமையாக நின்ற கொடி வாடித் தொங்கும், தோண்டினால் அடித்தண்டு அழுகியிருக்கும். நீர், நிழல், ஈரக்காற்று என்று கொடிக்காலில் வெற்றிலைக்காக உருவாக்கிய அத்தனை வசதியும் இதற்கும் பிடித்தமானவை. தண்ணீரை நிறுத்தினால் கிருமியோடு கொடியும் சாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விவசாயி தூங்காததற்குக் காரணம் இதுதான்.

1885 வாக்கில் பிரான்சில் திராட்சைக்காகக் கண்டுபிடித்த போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், இன்றும் இங்கே முதல் மருந்து. மண்ணில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவதும் பலன் தருகிறது. சமைக்காமல் மெல்லும் இலை என்பதால், மருந்துக்கு முன்பே பறித்து முடித்துவிட வேண்டும். கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற பழைய வழக்கத்தைத் தீட்டு என்று மட்டும் நினைத்திருந்தோம். நோய் கண்ட தோட்டத்து மண்ணைச் செருப்பில் ஒட்டி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் அது தடுக்கிறது என்பதை எந்தப் பயிர் நோயியல் மாணவரும் ஒப்புக்கொள்வார்.

ஆனால் செருப்பைக் கழற்றினாலும் விதைக்கொடி வழியாக நோய் வரும். ஒரு தோட்டம் அழிந்தால் அடுத்தவரிடம் விதைக்கொடி வாங்கித்தான் மறுபடி நட வேண்டும். அதில் நோய் ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. திருச்சி மாவட்டம் சிறுகமணியில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் எஸ்.ஜி.எம். 1 என்ற வெற்றிலை ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அந்த அறிவும் ஆட்களும் காவிரிக்கரையிலேயே இருக்கும்போது, சோதித்துச் சான்று கொடுத்த விதைக்கொடியை வளர்த்துத் தரும் நாற்றங்கால் ஒன்றை வேலூர் வட்டாரத்திலேயே நடத்துவது அரசுக்குப் பெரிய செலவில்லை. மானியத்துக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.