தெரணியகலையில் ஆடு வளர்ப்பு: மழையை அறிந்த திட்டங்களே தேவை

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலைப் பிரதேசத்தில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. களனி கங்கையின் கிளையாறான சீதாவாக்கை கங்கை பாயும் இப்பகுதியில் தேயிலையும் இறப்பரும் செழிப்பதற்கு அம்மழையே காரணமாகும். ஆனால், அதே மழை ஆட்டுக்குப் பகையாகவும் இருக்கின்றது. நாட்டின் ஆடுகளிற் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கு, வடமேற்கு ஆகிய உலர் வலயப் பகுதிகளிலேயே வளர்க்கப்படுவது தற்செயலானதன்று.

இருந்தும், தோட்டக் குடும்பங்கள் பல லயன் அறைகளின் பின்புறத்தில் இரண்டு மூன்று ஆடுகளையாவது கட்டி வளர்க்கவே செய்கின்றன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021 ஆம் ஆண்டு வரையும், 1,350 ரூபாவாக உயர்வதற்கு 2024 ஆம் ஆண்டு வரையும் காத்திருக்க நேர்ந்தது. சொந்தக் காணியில்லாத குடும்பத்துக்கு ஆடு ஒரு சேமிப்புப் புத்தகம். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ திடீர் வைத்தியச் செலவுக்கோ அதுவே கைகொடுக்கின்றது. எனவே, மழைக்காலத்தில் ஓர் ஆடு இறப்பது அக்குடும்பத்தின் சேமிப்பே அழிவதற்கு ஒப்பானதாகும்.

இப்பிரதேசத்தில் ஆட்டின் ஆண்டு, மழையின் ஆண்டையே பின்பற்ற வேண்டியுள்ளது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களே ஒப்பீட்டளவில் மழை குறைந்தவை. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆகவே, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கிடாயைச் சேர்த்தால் குட்டிகள் ஜனவரி, பெப்ரவரியில் பிறக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் அவை மூன்று மாதம் கடந்து, பால் மறந்து, தழை தின்னப் பழகிவிடும். மாறாக, ஜூன் மாதத்து ஈரத்திற் பிறக்கும் குட்டி சளிக்காய்ச்சலுக்கு எளிதில் இரையாகின்றது. கிடாயை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டுவைக்காமல் தனியே கட்டுவது என்ற செலவில்லாத ஒழுங்கு ஒன்றே பல குட்டிகளைக் காப்பாற்றும்.

பருவமழைக் காலத்தில் ஆட்டை வதைப்பவை முக்கியமாக மூன்று. முதலாவது குடற்புழு. ஈரப்புல்லின் நுனியில் ஏறியிருக்கும் புழுக்குஞ்சுகள் வயிற்றுக்குட் சென்று இரத்தத்தை உறிஞ்சுகின்றன. கீழிமையை விலக்கிப் பார்க்கும்போது செம்மை மங்கி வெளிறியிருந்தால் அதுவே எச்சரிக்கை. இரண்டாவது குளம்பு அழுகல். மூன்றாவது நுளம்பு பரப்பும் செட்டாரியா என்ற புழுவால் ஏற்படும் வாதம். மாட்டின் உடலில் பெரிதாகத் தீங்கின்றி வாழும் இப்புழு, ஆட்டின் மூளையையும் முள்ளந்தண்டையும் தாக்கிப் பின்னங்கால்களை முடக்குகின்றது. மாடும் ஆடும் அருகருகே கட்டப்படும் தோட்டங்களில் இதனைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

இவற்றுக்கான முதல் மருந்து மருந்துக்கடையில் இல்லை; அது கொட்டிலில் இருக்கின்றது. நிலத்திலிருந்து மூன்று அடியாவது உயர்த்தி, அரை அங்குல இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த பரண் கொட்டிலில் சாணமும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், குளம்பு உலர்ந்திருக்கும். ஓர் ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி இடம் போதுமானது. கீழே சேரும் எரு மரக்கறிப் பாத்திக்குப் பயன்படும். ஆனால், கொட்டிலை மண்மேட்டை வெட்டி அதன் அடியில் அமைத்துவிடக் கூடாது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் அண்டையிலுள்ள புளத்கொஹுபிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவுகளையும், 2025 நவம்பரில் டித்வா புயல் விளைவித்த அழிவுகளையும் இம்மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தீவனத்துக்கு இப்பகுதியிற் குறைவில்லை. வேலியோரக் கிளிரிசிடியாவும் பலா இலையும் முள்முருங்கையும் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. முப்பது கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பச்சைத் தழை தேவைப்படும். மழையில் நனைந்த தழையை வெட்டியவுடன் போடாமல் அரைநாள் வாடவிட்டுக் கொடுப்பது நன்று. களைநாசினி தெளிக்கப்பட்ட மலைகளிற் புல் அறுப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். எந்த மலையில் எப்போது தெளிக்கப்படுகின்றது என்பதைத் தோட்ட நிருவாகங்கள் முன்கூட்டியே அறிவிப்பது அவற்றின் கடமை என்றே நாம் கருதுகின்றோம்.

சந்தையைப் பொறுத்தவரை, தீபாவளி ஐப்பசியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளோ சந்திர ஆண்டின்படி வருடந்தோறும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னோக்கி வருகின்றது. 2025 இல் ஜூன் 7 ஆம் திகதி கொண்டாடப்பட்ட இப்பெருநாள், 2028 இல் மே மாத முற்பகுதியில் வரும். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி குர்பானிக்குரிய வெள்ளாடு இரண்டு வயது பூர்த்தியடைந்திருத்தல் வேண்டும். நொண்டியாகவோ, கண் குருடாகவோ, நோயுற்றதாகவோ, எலும்புந்தோலுமாகவோ இருத்தலாகாது. 2026 ஜனவரியிற் பிறந்த கிடாய் 2028 பெருநாளுக்குத் தகுதி பெறும். ஆனால், பிறந்த மாதத்தைக் குறித்துவைத்திராத வளர்ப்பாளரால் அதனை உறுதிப்படுத்த முடியாது. பெருநாளை அண்டிய வாரத்திற் குளம்பு அழுகி ஆடு நொண்டினால், இரண்டாண்டு உழைப்பு இறைச்சி விலைக்கே போய்விடும். மாவனெல்லையிலோ வரக்காப்பொலவிலோ வாழும் முஸ்லிம் குடும்பத்தின் கடமையும் தெரணியகலைத் தமிழ்க் குடும்பத்தின் வருமானமும் ஓர் ஆட்டின் காலில் இணைந்திருக்கின்றன என்றால் அது மிகையாகாது. ஒரு கொப்பியும் ஒரு தராசும் இருந்தால் இரு தரப்பும் தரகரின் கண்மதிப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இங்குதான் சுயதொழில் உதவித் திட்டங்களை நாம் நோக்க வேண்டியுள்ளது. பயனாளிகளுக்கு ஆடுகளைக் கையளித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு திட்டம் நிறைவடைந்துவிடுவதில்லை. உலர் வலயத்தில் வளர்ந்த ஆட்டை மழை தொடங்கும் வேளையில் கொட்டிலில்லாத குடும்பத்திடம் கொடுப்பது உதவியாகாது. புத்தளம் மாவட்டத்தில் ஜமுனாபாரியையும் உள்ளூர் ஆட்டையும் கலந்து உருவாக்கப்பட்ட கொட்டுக்கச்சி இனம் நம் நாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. எனினும், அது உலர் நிலத்தில் உருவானது. ஈரவலயத்துக்குக் கொண்டுவரும்போது பரணும் புழுமருந்தும் அதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

ஆகவே, முதலிற் கொட்டில், அடுத்துத் தீவன மரங்கள், அதன் பின்னரே ஆடு என்ற ஒழுங்கு பின்பற்றப்பட வேண்டும். ஆடுகள் ஜனவரியில் வழங்கப்பட வேண்டுமேயன்றி, நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிடும் அவசரத்தில் அல்ல. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் பதிவும், ஒரே கிடாயின் இரத்தம் மீண்டும் மீண்டும் கலவாதவாறு இரண்டாண்டுக்கொரு முறை கிடாய் மாற்றும் ஏற்பாடும் திட்டத்தின் பகுதிகளாக இருத்தல் அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பரண் அமைக்கும் அளவு நிலத்தையேனும் தோட்ட நிருவாகங்கள் எழுத்துமூலம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். நாளை அகற்றச் சொல்லக்கூடிய இடத்தில் எவரும் நல்ல மரத்தால் கொட்டில் கட்டமாட்டார்கள்.

மழையை எவராலும் நிறுத்த முடியாது. மழைக்கு முன்னரே பரணை உயர்த்திக் கொடுக்க முடியும். சம்பந்தப்பட்டவர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?