செடிக்குச் செடி எவ்வளவு இடம்?

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை ரகங்களில் டிஎம்வி 2 பேர்பெற்றது. 1940-இல் வெளியான கொத்து ரகம். காயெல்லாம் தூரைச் சுற்றியே பிடிக்கும். கொத்து ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. போதும்; ஒரு சதுர மீட்டரில் 33 செடி நிற்கும். கொடி ரகத்துக்கு இது போதாது. அதன் கிளைகள் தரையோடு பரவும். கணுவில் பூத்த பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு விழுது கிளம்பி, மண்ணுக்குள் இறங்கிக் காயாகும். கிளை ஓடவேண்டிய மண்ணை அடுத்த செடி பிடித்துக்கொண்டால் விழுது எங்கே இறங்கும்? பயிர் ஒன்றுதான், வளரும் வாகு வேறு, அதனால் இடைவெளியும் வேறு. நெல்லுக்கு நண்டோட, தென்னைக்குத் தேரோட இடம் விடச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில்தான் இதை மறந்துவிடுகிறோம். நடும்போது கத்தரி நாற்று ஒரு சாண்கூட இருக்காது. இருக்கிற இடத்தில் பத்து வைக்கலாமே என்று ஆசை வரும். மூன்றாம் மாதத்தில் அது இரண்டடி விரிந்து நிற்கும். அதனால் கத்தரிக்கு 60-க்கு 60 செ.மீ., தக்காளிக்கு 60-க்கு 45. வெண்டை நிமிர்ந்து வளர்வது. 45-க்கு 30 போதும். டேப் இல்லையென்றால் கையே அளவு: ஒரு முழம் ஏறத்தாழ 45 செ.மீ. பந்தலேறும் பாகலுக்கும் புடலைக்கும் குழிக்குக் குழி ஆறேழு அடி விடுங்கள்.

நெருக்கி நட்டால் செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக உயரும், காய்ப்பு குறையும். விழுப்புரம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று புகாத புதரில் நனைந்த இலை சீக்கிரம் உலராது. பூசண நோய்க்கு அந்த ஈரமே போதும்.

அதற்காக அளவுக்கு மீறி அகலமாக விடுவதும் சரியில்லை. சித்திரை வெயில் வெறும் மண்ணைச் சுட்டு ஈரத்தை உறிஞ்சிவிடும். மிச்ச இடத்தில் கோரை கிளம்பும். கத்தரி சிறிதாக இருக்கும்போதே இடையில் சிறுகீரை தூவுங்கள். இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். கத்தரி விரியும்போது இடம் காலியாக இருக்கும்.

வெண்டை விதையைக் குழிக்கு இரண்டாக ஊன்றியிருந்தால், பத்தாம் நாள் வாக்கில் திடமான செடியை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். முளைத்ததைப் பிடுங்க மனம் வராதுதான். தயங்க வேண்டாம்.