கேஸ் டியூப்பை கடைசியா எப்போ மாத்துனீங்க?

அடுப்பை தினமும் பளபளன்னு துடைக்கிறோம். அதுக்குப் பின்னால் தொங்கும் டியூப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கேஸ் கசிந்தால் ஆபத்து வீட்டுக்கே!

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூப்பையே வாங்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். வெடிப்பு, எலி கடித்த தடம் தெரிந்தால் உடனே மாத்திடுங்க.

கசிவு இருக்கான்னு பார்க்க தீக்குச்சி உரசவே கூடாது. அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, டியூப்பின் இரு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை குமிழியிட்டால் கசிவுதான்.

புது சிலிண்டர் வந்ததும் கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கம் பாருங்கள். 'பி-27' என்று இருந்தால் 2027 ஜூன் வரை கெடு. ஏ என்றால் மார்ச், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டியிருந்தால் வாங்காதீங்க.

ராத்திரியில் கேஸ் வாடை வந்தால் லைட், பேன் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்ன தீப்பொறி போதும். சமையல் கேஸ் காற்றை விட கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். எனவே ஜன்னலோடு வாசல் கதவையும் அகலத் திறங்க. ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகே செல்போனை எடுத்து 1906-க்கு பேசுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அவசர உதவி எண் இது.

தூங்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூட மறக்காதீங்க!