மழையில் தனி ஓட்டம்: பந்தயத்தை நிறுத்தச் சொல்வது யார்?

1995 ஜூலை 1, பிரான்சின் சேன் பிரியக் நகரம். தூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத் தொடரின் தொடக்க நாள், மாலை நேர டைம் ட்ரையல். முன்னதாகக் கிளம்பிய ஜாக்கி டியூராண்டுக்குக் காய்ந்த சாலை கிடைத்தது. அன்றைய வெற்றியும் அவருக்கே. பின்னால் வந்தவர்கள் மழையில் மாட்டினார்கள். பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்து, முதல் நாளே தொடரைவிட்டு வெளியேறினார்.

ஒரே பாதை, ஒரே தூரம். ஆனால் வானிலை ஆளுக்கு ஒன்று.

டைம் ட்ரையலில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் மோதுகிறார்கள். கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் சாலை வழுக்கினால் எல்லோரும் பேசிக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடலாம். இங்கே அந்த வழியில்லை. பிரேக் பிடிப்பவர் மட்டுமே தோற்பார். அதனால்தான் "பார்த்து ஓட்டு" என்று வீரரிடம் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. பாதுகாப்பு குறித்த முடிவு, முதல் வீரர் தொடக்க மேடையிலிருந்து இறங்குவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

ஆபத்து சைக்கிளின் அமைப்பிலேயே தொடங்குகிறது. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக வீரர் முழங்கைகளை முன்கம்பிகளில் ஊன்றிக் குனிந்திருப்பார். பிரேக் பிடிகளோ கைக்கு எட்டாமல் விலகி இருக்கும். தட்டுபோல மூடிய பின்சக்கரமும் ஆழமான விளிம்புள்ள முன்சக்கரமும் பக்கக் காற்றைப் பாய்மரம்போல வாங்கும். 2019 ஜூனில், பிரான்சின் ரோவான் நகரில் டைம் ட்ரையல் பாதையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூம், மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்த நொடியில் காற்று முன்சக்கரத்தை அடித்தது. சுவரில் மோதியதில் தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. தூர் டி பிரான்ஸை 4 முறை வென்றவர் அவர்.

மழை இன்னும் மோசம். சாலையின் வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், டிராம் தண்டவாளங்கள் எல்லாம் ஈரத்தில் வழுக்கும். 2017இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் 14 கிலோமீட்டர் மட்டுமே நடந்த டைம் ட்ரையலில் அலெஹாந்த்ரோ வல்வெர்தே தடுப்புவேலியில் மோதினார். முழங்கால் சில்லு உடைந்தது. 2019 உலக சாம்பியன்ஷிப் போட்டியில், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 23 வயதுக்கு உட்பட்டோர் ஓட்டியபோது, சாலையில் தேங்கிய மழைநீருக்குள் விழுந்து வீரர்கள் வழுக்கிச் சென்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 32.4 கிலோமீட்டர் பாதையிலும் மழைதான். பெண்கள் பிரிவில் பலர் விழுந்தார்கள். அமெரிக்காவின் குளோயி டைகர்ட் விழுந்து எழுந்து ஓட்டி வெண்கலம் வாங்கினார்.

தொழில்முறை வீரர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2016இல் கடும் வானிலை நெறிமுறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உறைபனி மழை, பலத்த காற்று, கடும் வெப்பம் அல்லது குளிர், பார்வை மங்கும் நிலை போன்றவை வரும் என்று தெரிந்தால், அமைப்பாளர், நடுவர், மருத்துவர், அணிகளின் பிரதிநிதி, வீரர்களின் பிரதிநிதி ஆகியோர் கூடிப் பேச வேண்டும். நேரத்தை மாற்றலாம், பாதையை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

விதி இருந்தும் அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று பார்சிலோனாவில் ஸ்பெயின் சுற்றுப் பந்தயம், அணிகள் ஓட்டும் 14.8 கிலோமீட்டர் டைம் ட்ரையலோடு தொடங்கியது. மழை பெய்தது, கடைசியாகக் கிளம்பிய அணிகள் ஏறக்குறைய இருட்டில் ஓட்டின. லாரன்ஸ் டி பிளஸ் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் கூட்டப் பந்தயத்தில், மழையைக் கருதி இறுதிக்கோட்டுக்கு வெகு முன்பே ஒட்டுமொத்தத் தரவரிசைக்கான நேரத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டாம் நாள் எடுக்க முடிந்த முடிவை முதல் நாளும் எடுத்திருக்கலாம். ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருந்தாலே வெளிச்சமாவது மிஞ்சியிருக்கும்.

வீரர் தன் பங்குக்குச் செய்யக்கூடியவையும் உண்டு. ஈரச் சாலையில் டயர் காற்றைச் சற்றுக் குறைக்கலாம், காற்று பலமாக வீசினால் ஆழம் குறைந்த முன்சக்கரத்துக்கு மாறலாம். வளைவுக்கு முன்பே முழங்கைகளை எடுத்து, கையைப் பிரேக்குக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி சாய்ந்த பிறகு பிரேக்கைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்.

பிரிட்டனில் டைம் ட்ரையல் பந்தயம் 1895 முதல் சாமானியர்களின் வார இறுதி விளையாட்டு. பெரும்பாலும் வாகனங்கள் ஓடும் பொதுச் சாலையில் நடப்பது. அங்கே பெயர் கொடுப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு, முதலுதவி எங்கே நிற்கிறது, வானிலையால் பந்தயம் நின்றால் கட்டணம் திரும்புமா. கிளம்பாமல் விலகிக்கொள்வதும் பங்கேற்பாளரின் உரிமை; கட்டணம் போகிறதே என்று யாரும் மேடை ஏற வேண்டியதில்லை.

"எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையெழுத்திட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. தொழிலாகப் பந்தயம் நடத்துபவர், தம் கவனக்குறைவால் விளைந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவதைப் பிரிட்டனின் சட்டம் ஏற்பதில்லை. விழுந்தவர் தலையில் அடிபட்டிருந்தால் மீண்டும் வண்டி ஏறாமல் மருத்துவரிடம் போக வேண்டும். சாலையின் நிலையைப் படமெடுத்து, சாட்சிகளின் பெயரையும் மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்து, அமைப்பாளருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். காயத்துக்கு இழப்பீடு கோரி இங்கிலாந்தில் வழக்குத் தொடர, பொதுவாக 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு.