இளம் மாணவரும் மருத்துவ ஆய்வும்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பர் நம் முன்னோர். நோயறியும் புதுவழிகளை முதிர்ந்த மருத்துவர்களே காண இயலும் என்னும் எண்ணத்தைப் பள்ளி மாணவர் சிலர் மாற்றியுள்ளனர். அவர்களுள் இருவரை இங்குக் காண்போம்.

ஒசூர் மாணவர் ஆகாஷ் மனோஜ். மார்வலி முதலிய அறிகுறிகள் இன்றியே வரும் மாரடைப்பை முன்னரே அறிய முடியாதா என்பது அவர் எழுப்பிய வினா. இதயத் தசைக்குக் குருதி குறையும்போது, கொழுப்பு அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு புரதம் தசையினின்று கசிந்து விரைவில் குருதியில் கலக்கிறது. ஊசியால் குத்தாமல், தோலின்மேல் ஒட்டும் கருவியால் அப்புரதத்தைக் கண்டறியலாம் என்பதே அவர் கருத்து. 2017-இல் குடியரசுத் தலைவர் மாளிகையின் விருந்தினராகும் சிறப்பு அவருக்குக் கிட்டியது.

மற்றவர் இங்கிலாந்தில் பயின்ற கிருத்தின் நித்தியானந்தம். மறதிநோயாகிய அல்சைமர் நோயில், அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் நச்சுப் புரதங்கள் சேர்கின்றன. ஆனால், குருதியிலுள்ள பொருள்கள் எளிதில் மூளைக்குள் புகாதபடி இயற்கை ஒரு தடுப்பை அமைத்துள்ளது. அத்தடுப்பைக் கடந்து நச்சுப் புரதத்தைப் பற்றி ஒளிரும் எதிர்ப்பொருளை அவர் வடிவமைத்தார். 2015-இல் கூகுள் அறிவியல் போட்டியில் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 15.

இங்கு ஒன்றை மறத்தல் ஆகாது. பரிசு பெற்ற கருத்து உடனே மருந்தாகிவிடாது. ஆய்வுக்கூடச் சோதனை, விலங்குகளிடம் சோதனை, பின்னர் மனிதரிடம் படிப்படியான சோதனை எனப் பல வாயில்களைக் கடந்தாக வேண்டும். 'மாணவர் மருந்து கண்டுபிடித்தார்' என்னும் செய்தியை நம்பி, நோயாளி ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பின் இழப்பு அவருக்கே அன்றோ? போட்டியின் பயன் வினா எழுப்பும் துணிவும், அறிந்தோர் முன் அதை மெய்ப்பிக்கும் பயிற்சியுமே ஆகும்.

1993 முதல் நடைபெற்று வந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர்களைத் தம் ஊர்ச் சிக்கலையே ஆராயத் தூண்டியது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பகுதியின் சில ஊர்களில் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பற்களில் கறை படியும். மிகமிக எலும்பும் கெடும். சிவந்த சாயக் கரைசல் ஒன்று இந்நீரில் வெளிறும் அளவைக் கொண்டு ஃபுளோரைடை அளவிடலாம்.

வேதியியல் பயிலும் தோழர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது தம்பி தங்கையருக்கு இச்சோதனையைக் கற்றுக்கொடுங்கள். எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தக்கது என அவர்கள் கண்டு சொல்வார்களாயின், அதுவும் சிறந்த மருத்துவத் தொண்டே ஆகும்.