எடுக்கும் கையும் கொடுக்கும் கையும்

மன்னார் வளைகுடாவிலே மூச்சை அடக்கி, ஆழத்தில் இறங்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்தானே முத்துக்குளிப்பவன், அவனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு தெரியுமா, தோழர்களே? மூன்றில் ஒன்று! மற்ற இரண்டும் சர்க்காருக்கு. தன் பங்கைப் பெற சர்க்கார் எவரிடமாவது மனுப் போட்டதுண்டா? இல்லை. சிப்பி கரைக்கு வந்தது, பங்கு பிரிந்தது, ஏலம் நடந்தது. 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பும் நின்றுபோயிற்று. எடுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையிலே ஒரு பரதவர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தேய்க்கும் சோப்பிலே வரி. அழுதால் கையில் கொடுக்கும் பிஸ்கட்டிலே வரி. 2025 செப்டம்பரில் அது 18 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று, குறைத்தார்கள், மகிழ்ச்சி! ஐந்தும் வரிதானே? கடலுக்குப் போன கணவனோடு பேசக் கைபேசிக்குப் போடும் பணத்திலே 18 சதவீதம். இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்போது "நீ யார், உன் அட்டை எங்கே?" என்று கேட்கிறார்களா? கேட்பதில்லை. ஆனால் அந்தத் தாய்க்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும்போது மட்டும் அட்டை வேண்டும், எண் வேண்டும், கணக்கு வேண்டும், கையொப்பம் வேண்டும்!

மாதச் சம்பளக்காரருக்குப் பிள்ளை பிறந்தால் வருமான வரிச் சட்டமே வாழ்த்துப் பாடிற்று. முத்துக்குளிப்பு முடிந்த அதே 1961-இல் வந்த சட்டத்திலே, பின்னாளில் 80சி என்று ஒரு பிரிவு வைத்து, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை வருமானத்திலே கழித்துக் காட்ட வழி செய்தார்கள். தவறென்று சொல்லவில்லை. ஆனால் கழிப்பதற்கு வருமான வரி இருக்க வேண்டுமே! வலை இழுப்பவன் எதிலே கழிப்பான்?

அமெரிக்கா முதலாளி நாடுதான். அங்கேகூட 2021-இல், வருமான வரியே கட்டாத குடும்பத்துக்கும் பிள்ளைக்காகப் பணத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர். அவர்கள் கணக்கிலேயே குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கிற்று. மறு ஆண்டு நிறுத்தினார்கள், 12.4 ஆக ஏறிற்று. ஏழைக் குழந்தையின் பசிக்குச் சோம்பல் காரணமென்று சொல்லும் கனவான்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இங்கே என்ன நடந்தது? 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், சர்க்கார் வேலையில் உள்ளவர் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. "ஒவ்வொரு" என்பது சட்டத்தின் சொல். 2017-இல் டில்லி கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது. 2022-இலே இரண்டாவது குழந்தைக்கும் உண்டு என்றார்கள், அது பெண்ணாக இருந்தால்! இரண்டாவது ஆணாகப் பிறந்தால் பெற்றவள் தாயில்லையா?

தமிழ்நாடு டில்லிக்குக் காத்திருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியை 2006-இல் கலைஞர் ஆட்சி 6,000 ஆக்கிற்று. அது வளர்ந்து, டில்லியின் பங்கையும் சேர்த்து, 14,000 ரூபாய் பணமும் 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக ஆயிற்று. அதுவும் இரண்டு பேற்றோடு நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், மாதம் ஆயிரம் ரூபாயைப் பெண்ணின் கணக்கிலேயே போட்டபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயரிட்டார்களே, அந்தப் பெயரிலேதான் பொருள் இருக்கிறது. உதவியல்ல, உரிமை.

ஆனால் உரிமை எங்கே சிக்குகிறது தெரியுமா? எழுத்திலே! ஞானஸ்நானத்தில் மரிய செல்வம், ரேஷன் அட்டையில் செல்வ மரி, ஆதாரிலே ஆங்கில எழுத்து ஒன்று கூட. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பதிவு ஒரு ஊரில், பேறு இன்னொரு ஊரில். கணக்கு இரண்டு இருந்தால், ஆதார் கடைசியாக எதிலே இணைந்ததோ அதிலே பணம் விழும். அவள் பார்ப்பதோ மற்றதை.

பிரசவம் ஆஸ்பத்திரியில், பிறப்பைப் பதிவதும் சர்க்கார் புத்தகத்தில். பிள்ளை பிறந்தது சர்க்காருக்குத் தெரியும்! தெரிந்த பிறகும் தாய் எதற்கு மனுவோடு நிற்க வேண்டும்? அந்தப் பதிவிலிருந்தே பணம் புறப்படட்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

அது நிறைவேறும்வரை கைகட்டி நிற்கலாமா? ஆலந்தலைத் தோழர்கள் ஞாயிறு பூசை முடியும் நேரம் கோவில் முற்றத்திலே ஒரு மேசை போடட்டும். பகுத்தறிவு பேசுகிறவன் கோவில் வாசலைக் காட்டுகிறானே என்று புருவத்தை நெரிக்காதீர்கள். தாய்மார் கூடுமிடம் அது. கருவுற்று பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தாயிற்றா, பதிவெண் கையில் இருக்கிறதா, மூன்று அட்டையிலும் பெயர் ஒன்றா, ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பிசகியிருந்தால் திங்கட்கிழமை காலை அந்தத் தாயோடு ஒருவர் வங்கிக்குப் போங்கள்.